பட்டியலில் இல்லாத எண்

1

293318625600. நம் வழக்கப்படி வாசித்தால் 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. இந்த எண்ணைப் பற்றி ஒரு கட்டுரை எழுதப்போகிறேன் என்றதும் நண்பர் ஒருவர், "எந்த ஊழல் கணக்குங்க இது?" என்று கேட்டார். ஊழல் கணக்கு இல்லை. 1915-இல் சீனிவாச ராமானுஜன் வெளியிட்ட ஓர் அட்டவணையில் இருந்திருக்க வேண்டிய, ஆனால் இல்லாமல் போன எண்.

லண்டன் கணிதக் கழகத்தின் நடவடிக்கை ஏட்டில் அந்த ஆண்டு அவருடைய நீண்ட கட்டுரை ஒன்று வந்தது. அதில் 'உயர்பகு எண்கள்' என்று ஒரு வகையை அவர் வரையறுக்கிறார். அந்த வகையில் அடங்கும் எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக, 6746328388800 வரைக்கும் பட்டியலிடுகிறார். பட்டியலில் 102 எண்கள். அவருடைய வரையறைப்படியே அந்த எல்லைக்குள் 103 வரவேண்டும். விடுபட்டுப்போன அந்த ஒன்றுதான் நாம் மேலே பார்த்தது.

சரி, இதெல்லாம் நமக்கு எதுக்கு? ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று நீளுகிற இந்தத் தோல் பட்டையில் வாழ்கிறவர்களுக்குப் பட்டியல் என்பது சாதாரண விஷயம் இல்லை. கம்பெனிப் பதிவேட்டில் பெயர் இருக்கிறதா, பி.எஃப். கணக்கில் இருக்கிறதா, ரேஷன் அட்டையில் இருக்கிறதா, வாக்காளர் பட்டியலில் இருக்கிறதா என்பதெல்லாம் ஒருவருடைய இருப்பையே தீர்மானிக்கிற கேள்விகள். பட்டியலில் ஒருவர் இல்லாமல் போவது எத்தனை விதமாக நடக்கிறது, ஒவ்வொரு விதத்துக்கும் எதிராக வாதாட எந்த இடத்தில் நிற்கவேண்டும் என்பதை யோசிக்க இந்த எண் எனக்கு உதவியது. அதனால் முதலில் எண்ணை விளக்கிவிட்டு மற்றதற்கு வருகிறேன். கணக்கைக் கண்டால் பக்கத்தைப் புரட்டுகிற பழக்கம் நம் இலக்கியவாதிகளுக்கு உண்டு. புரட்டவேண்டாம், பெருக்கலும் வகுத்தலும் தவிர இதில் வேறொன்றும் இல்லை.

2

டஜன் கணக்கிலிருந்து தொடங்கலாம். பன்னிரண்டு ஜோடி ஷூவை ஓர் அட்டைப்பெட்டியில் அடுக்குவதாக வைத்துக்கொள்வோம். இரண்டு வரிசையாக ஆறு, மூன்று வரிசையாக நான்கு, நான்கு வரிசையாக மூன்று, ஆறு வரிசையாக இரண்டு. எப்படி அடுக்கினாலும் பெட்டியில் ஓட்டை விழாது. பத்து ஜோடி என்றால் இரண்டும் ஐந்துமாகத்தான் அடுக்கமுடியும். மனிதன் கைவிரல் பத்தை வைத்து எண்ணப் பழகியவன். ஆனாலும் வியாபாரம் டஜனை விடவில்லை. காரணம், பன்னிரண்டு பலவிதமாகப் பங்கு போடத் தோதானது.

ஓர் எண்ணை மீதியில்லாமல் வகுக்கிற எண்ணை அதன் வகுத்தி என்கிறோம். பத்துக்கு வகுத்திகள் நான்கு: 1, 2, 5, 10. பன்னிரண்டுக்கு ஆறு: 1, 2, 3, 4, 6, 12. பன்னிரண்டைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் ஆறு வகுத்திகள் கிடையாது. இப்படித் தன்னைவிடச் சிறிய எந்த எண்ணைக் காட்டிலும் அதிகமான வகுத்திகளைக் கொண்டிருக்கும் எண்ணே ராமானுஜனின் உயர்பகு எண். 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120 என்று வரிசை போகிறது. பகா எண்ணுக்கு ஒன்றும் தானும் தவிர வகுத்தி கிடையாது. ஆக, உயர்பகு எண் பகா எண்ணுக்கு நேர் எதிர்முனையில் நிற்பது. ஒரு மணிக்கு 60 நிமிடம், வட்டத்துக்கு 360 பாகை, நம் பழைய கணக்கில் ஒரு நாளைக்கு 60 நாழிகை, ஒரு நாழிகைக்கு 60 விநாழிகை. காலத்தையும் வெளியையும் பங்கு போட்டவர்கள் தேர்ந்தெடுத்த எண்கள் பெரும்பாலும் இந்த வரிசையில் வருவது தற்செயல் அல்ல.

எண் சிறியதாக இருக்கும்வரை வகுத்திகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். பெரியதானால் அதைப் பகா எண்களாக உடைத்துப் பார்க்கவேண்டும். நம்முடைய எண்ணை உடைத்தால் இப்படி வருகிறது:

2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19

அதாவது ஆறு இரண்டுகள், நான்கு மூன்றுகள், இரண்டு ஐந்துகள், இரண்டு ஏழுகள், அப்புறம் 11, 13, 17, 19 ஒவ்வொன்று. இதை வகுக்கக்கூடிய ஓர் எண்ணை உருவாக்கவேண்டுமானால் இந்தக் குவியலிலிருந்து சிலவற்றை எடுத்துப் பெருக்கவேண்டும். இரண்டுகளில் ஒன்றுமே எடுக்காமலிருக்கலாம், ஆறு வரைக்கும் எடுக்கலாம், ஏழு வழி. மூன்றுகளில் ஐந்து வழி. ஐந்துகளில் மூன்று, ஏழுகளில் மூன்று. மற்ற நான்கிலும் எடுக்கலாம் அல்லது விடலாம், இரண்டிரண்டு வழி. எல்லாவற்றையும் பெருக்கினால், 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5040. இந்த எண்ணுக்கு 5040 வகுத்திகள். 1 முதல் 22 வரை எந்த எண்ணால் வகுத்தாலும் மீதி வராது. 23-இல்தான் முதன்முதலாக மாட்டிக்கொள்கிறது.

உயர்பகு எண்களின் உடலமைப்பைப் பற்றி ராமானுஜன் சில விதிகளை நிறுவினார். ஒன்று, பகா எண்கள் 2-இலிருந்து இடையில் விடுபடாமல் வரிசையாக வரவேண்டும். இரண்டு, சிறிய பகா எண்ணின் அடுக்கைவிடப் பெரிய பகா எண்ணின் அடுக்கு அதிகமாக இருக்கக்கூடாது. ஏன் என்று பார்ப்பது எளிது. 18 என்பது 2 × 3². 12 என்பது 2² × 3. இரண்டுக்கும் ஆறு வகுத்திகள்தான். ஆனால் அதே ஆறு வகுத்திகளைப் பன்னிரண்டு குறைந்த செலவில் அடைந்துவிடுகிறது. ஆகவே 18 உயர்பகு எண் ஆகமுடியாது. மூன்றாவது விதி, வரிசையின் கடைசிப் பகா எண் ஒரே ஒரு முறைதான் வரும். 4, 36 என்ற இரண்டு எண்கள் மட்டும் விதிவிலக்கு. நம்முடைய எண்ணின் அடுக்குகளைப் பாருங்கள். 6, 4, 2, 2, 1, 1, 1, 1. மூன்று விதிக்கும் கட்டுப்படுகிறது. இந்த விதிகளுக்குக் கட்டுப்பட்டால் மட்டும் போதாது, தனக்குக் கீழே உள்ள எந்த எண்ணுக்கும் 5040 வகுத்திகள் இருக்கக்கூடாது. அந்தச் சோதனையிலும் இது தேறுகிறது.

ராமானுஜனின் அட்டவணையில் 240940299600 இருக்கிறது, அதற்கு 4800 வகுத்திகள். அடுத்ததாக 321253732800 இருக்கிறது, அதற்கு 5376 வகுத்திகள். இந்த இரண்டுக்கும் நடுவில் 5040 வகுத்திகளோடு நம்முடைய எண் உட்கார்ந்திருக்க வேண்டும். இடம் காலி.

இன்னொன்றும் உண்டு. இதன் வகுத்திகளின் எண்ணிக்கையான 5040 என்பதும் ஓர் உயர்பகு எண். அதற்கு 60 வகுத்திகள். 60-உம் உயர்பகு எண், அதற்கு 12. பன்னிரண்டுக்கு 6, ஆறுக்கு 4. எல்லாமே அதே வரிசையில் இருப்பவை. நான்குக்கு 3 என்று வரும்போதுதான் சங்கிலி அறுகிறது. பட்டியலில் விட்டுப்போனது ஏதோ ஓரத்தில் கிடந்த ஏப்பைசாப்பை எண் அல்ல.

3

ஓர் எண்ணைப் பற்றி நாம் சொல்லும் வாக்கியங்கள் எல்லாம் ஒரே தளத்தில் இயங்குபவை அல்ல. சில அதன் பெயரைப் பற்றியவை, சில அது எழுதப்படும் முறையைப் பற்றியவை, சில அதன் உள்கட்டுமானத்தைப் பற்றியவை. இவற்றைக் குழப்பிக்கொள்வதால் வரும் விபரீதங்கள் அதிகம்.

பெயர். தொல்காப்பியம் எழுத்ததிகாரம் புள்ளிமயங்கியலில் பேரெண்களைக் குறிக்கும் பெயர்களைப் பற்றி ஒரு விதி வருகிறது. ஐ, அம், பல் என்று முடிகிற எண்ணுப்பெயர்கள் என்று அவற்றை வகைப்படுத்துகிறார் தொல்காப்பியர். தாமரை, வெள்ளம், ஆம்பல் என்று உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டுத் தருகிறார்கள். பரிபாடலின் இரண்டாம் பாடலில் நெய்தல், குவளை, ஆம்பல், சங்கம், கமலம், வெள்ளம் ஆகியவை ஊழிக்காலத்தை அளக்கும் எண்களாக வருகின்றன. இலக்கணக்காரனுக்கு இங்கே கேள்வி, இந்தப் பெயர் வேறொரு சொல்லோடு புணரும்போது என்ன ஆகும் என்பதுதான். அந்த எண் எதனால் வகுபடும் என்பது அவனுடைய கேள்வியே இல்லை. அதில் குற்றமும் இல்லை. ஒவ்வொரு வகைப்பாடும் ஒரு கேள்விக்குப் பதில்.

போர்ஹெஸ் 1942-இல் எழுதிய ஃபூனெஸ் கதையில், எதையும் மறக்கமுடியாத அந்த மனிதன் ஒவ்வோர் எண்ணுக்கும் தனித்தனிப் பெயர் வைக்கிறான். 7014-க்கு இருப்புப்பாதை என்று பெயர். 365 என்றால் மூன்று நூறு, ஆறு பத்து, ஐந்து ஒன்று என்று கதைசொல்லி விளக்கப் பார்க்கிறான், அவனுக்குப் புரிவதில்லை. வெறும் பெயராக மட்டும் எண் சுருங்கினால் அதைக் கூட்டவும் முடியாது, பங்கு போடவும் முடியாது. கிட்டத்தட்ட ஃபூனெஸின் உலகத்தில்தான் இன்று நாம் ஒவ்வொருவரும் ஓர் எண்ணாக இருக்கிறோம். ஆதார் எண்ணும் பன்னிரண்டு இலக்கம்தான். அதில் கடைசி இலக்கம் மற்ற பதினொன்றையும் எழுதும்போது பிழை நேராமல் பார்த்துக்கொள்ளும் சரிபார்ப்பு இலக்கம். மற்றபடி உங்கள் எண்ணையும் என் எண்ணையும் கூட்டினாலும் பெருக்கினாலும் ஒரு பொருளும் கிடையாது. அது எண்ணின் வேடத்தில் இருக்கும் பெயர்.

எழுதும் முறை. நம் எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் 45. அந்த 45-ஆல் எண்ணை வகுத்தால் மீதி இல்லை. இப்படிப்பட்ட எண்களுக்கு 'ஹர்ஷத்' எண், மகிழ்ச்சி தருவது, என்று வடமொழியில் பெயர் வைத்தவர் டி. ஆர். காப்ரேகர் (1905-1986). நாசிக் அருகில் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்தவர்; கல்விக்கூடக் கணிதம் அவரை வெகுகாலம் பொருட்படுத்தவில்லை. அவருடைய கண்டுபிடிப்புகள் ரசமானவை. ஆனால் ஹர்ஷத் என்பது எண்ணின் குணம் மட்டுமல்ல, பத்தின் அடிப்படையில் நாம் எழுதும் முறையும் சேர்ந்து உருவாக்கும் குணம். வேறு அடிமானத்தில் எழுதினால் ஹர்ஷத் ஹர்ஷத்தாக இருக்கும் என்று உத்தரவாதம் இல்லை. 5040 வகுத்திகள் என்பது அப்படியல்ல. தமிழ் எண்களில் எழுதினாலும் ரோம எண்களில் எழுதினாலும், கல்லை அடுக்கி வைத்தாலும், அது மாறாது.

உள்கட்டுமானத்தைப் பேசும்போதும் மதிப்பீடு உள்ளே நுழைந்துவிடும். கி.பி. 100 வாக்கில் வாழ்ந்த நிக்கோமாக்கஸ் எண்களைத் தம் வகுத்திகளின் கூட்டுத்தொகையை வைத்து மூன்றாகப் பிரித்தார். தன்னைத் தவிர்த்த வகுத்திகளைக் கூட்டினால் தனக்குச் சமமாக வருவது நிறையெண். 6 அப்படி: 1 + 2 + 3. கூடுதலாக வந்தால் மிகையெண், குறைவாக வந்தால் குறையெண். இத்தோடு அவர் நிற்கவில்லை. மிகையெண்ணை அளவுக்கு மீறிய உறுப்புகள் கொண்ட பிராணியாகவும், குறையெண்ணை உறுப்புக் குறைந்த பிராணியாகவும், நிறையெண்ணை ஒழுக்கத்தின் வடிவமாகவும் சித்தரித்தார். கணக்கு சரி. அதன்மேல் போர்த்திய ஊனம், ஒழுக்கம் எல்லாம் சமூகத்திலிருந்து இறக்குமதி. 6-ஐவிடப் பெரிய ஆறின் மடங்குகள் எல்லாமே மிகையெண்கள். நம் எண்ணும் அதில் ஒன்று. அதற்காக அதற்கு நான்கு கைகள் முளைத்துவிடவில்லை. வகைப்பாட்டில் எது அளவு, எது ஏசல் என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் சாதி ஊரில் பிறந்தவனுக்குத் தன்னாலே வந்துவிட வேண்டும். வருவதில்லை என்பது வேறு விஷயம்.

4

இனி விட்டுப்போன விஷயத்துக்கு வருவோம்.

அட்டவணையின் கடைசி எண் 6746328388800. அதை 23-ஆல் வகுத்துப் பாருங்கள். 293318625600 வருகிறது. அதே போல, அட்டவணையில் காலி இடத்துக்கு அடுத்து நிற்கும் 321253732800-இல் இருக்கும் 23-ஐ எடுத்துவிட்டு ஒரு 3, ஒரு 7 சேர்த்தாலும் இதே எண்தான் வருகிறது. ஆக, ராமானுஜன் கைக்கு எட்டாத தூரத்தில் இது இல்லை. இரண்டு பக்கத்திலும் இதன் சொந்தக்காரர்களை எழுதிவைத்துவிட்டு இதை மட்டும் விட்டிருக்கிறார்.

இதைக் குற்றம் கண்டுபிடிப்பதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. எனக்கு இந்தப் பிழையின்மேல் மரியாதை இருக்கிறது. ராமானுஜன் குறித்து இங்கே உருவாக்கப்பட்டிருக்கும் சொல்லாடலில் அவர் கணக்குப் போடுவதில்லை. நாமகிரித் தாயார் கனவில் வந்து சொல்கிறாள், அவர் எழுதிக்கொள்கிறார். வாடகைக் காரின் எண்ணான 1729-ஐக் கேட்ட மாத்திரத்தில் அது இரண்டு விதமாக இரண்டு கன எண்களின் கூட்டுத்தொகையாக அமையும் மிகச் சிறிய எண் என்று சொன்ன கதை மட்டும் மேடைதோறும் சொல்லப்படுகிறது. உழைப்பு அங்கே மறைக்கப்படுகிறது. ஆனால் 102 எண்களை, ஒவ்வொன்றுக்கும் வகுத்தி எண்ணிக்கையோடு, இயந்திர உதவி இல்லாமல் 6,74,632 கோடிக்கு மேல் வரை கொண்டுபோனது கை. காகிதம் வாங்கக் காசில்லாமல் சிலேட்டில் எழுதி முழங்கையால் அழித்த கை. 1912 முதல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் கணக்கராக உட்கார்ந்த கை. தெய்வம் சொல்லி எழுதியிருந்தால் ஒன்று விட்டுப்போயிருக்காது. விட்டுப்போன எண் ராமானுஜனைக் கருவறையிலிருந்து வேலைமேசைக்குக் கொண்டுவருகிறது. ஏழைப் பிராமணப் பையனுக்குத் துறைமுக அலுவலகத்திலிருந்து கேம்பிரிட்ஜ் வரை போக ஒரு வழி, எவ்வளவு ஒடுக்கமானதாக இருந்தாலும், இருந்தது. அதே காலத்தில் பாலாற்றங்கரையில் சுண்ணாம்புக் குழியில் தோல் மிதித்துக்கொண்டிருந்தவரின் பிள்ளைக்கு அந்த ஒடுக்கமான வழியும் இல்லை. இதைச் சொல்வதால் ராமானுஜனின் உழைப்பு குறைந்துவிடாது, முழுப்படம் கிடைக்கும்.

என்னைப் பொறுத்தவரை முக்கியமானது அடுத்த விஷயம். பட்டியலில் இல்லை என்பதால் 293318625600 உயர்பகு எண்ணாக இல்லாமல் போய்விடவில்லை. ராமானுஜன் எழுதாததால் அதன் ஒரு வகுத்திகூடக் குறையவில்லை. அது விண்ணப்பம் போடவேண்டியதில்லை, சான்றிதழ் கொண்டுவர வேண்டியதில்லை. பட்டியல்தான் வரையறைக்குப் பதில் சொல்லவேண்டும். பட்டியல் போட்டவர் ராமானுஜனாக இருந்தாலும் சரி, திருத்தவேண்டியது பட்டியலைத்தான். கணிதத்தில் வரையறை எஜமான், பட்டியல் வேலைக்காரன்.

அரசாங்க அலுவலகத்தில் இது தலைகீழ். அங்கே பட்டியல்தான் எஜமான். 'லிஸ்ட்ல உங்க பேரு இல்லையே' என்ற ஒரு வாக்கியத்தோடு எல்லாம் முடிந்துவிடுகிறது. நீங்கள் தகுதி உடையவரா என்ற கேள்வி எழுவதே இல்லை. தகுதி உடையவராக இருந்தால் பட்டியலில் இருந்திருப்பீர்களே என்பதுதான் அந்த ஜன்னலுக்குப் பின்னால் இருக்கும் தர்க்கம்.

5

ஆனால் எல்லா விடுபடலும் இந்த ஒரே மாதிரியானது அல்ல. ராமானுஜனின் இந்தக் கட்டுரையைச் சுற்றியே மூன்று வித விடுபடல்களைப் பார்க்கமுடிகிறது.

முதலாவது, கவனப்பிழை. வரையறைப்படி உள்ளே இருக்கவேண்டியது, எழுதியவர் விட்டுவிட்டார். இதற்கு எதிரான வாதம் சுலபம். வரையறையைக் காட்டி, இதோ இதுவும் பொருந்துகிறது என்று நிறுவினால் போதும். இங்கே சட்டம் நம் பக்கம் நிற்கிறது. நடைமுறையில் அலைச்சல் இருக்கும், ஆனால் வாதம் நம்முடையது.

இரண்டாவது, செலவு. 1915-இல் வெளியானது ராமானுஜன் எழுதிய முழுக்கட்டுரை அல்ல. யுத்த காலம், லண்டன் கணிதக் கழகத்துக்குப் பண நெருக்கடி. செலவைக் குறைக்கக் கட்டுரையின் பின்பகுதி அச்சிடப்படாமல் நிறுத்தப்பட்டது. சிறுபத்திரிகை நடத்துகிறவர்களுக்குக் காகித விலையைப் பற்றி நான் விளக்கத் தேவையில்லை. அந்தப் பக்கங்கள் 1997-இல்தான், ழான்-லூயி நிக்கோலா, கி ரோபன் என்ற இரு பிரெஞ்சுக் கணிதவியலாளர்களின் குறிப்புகளோடு வெளிவந்தன. அச்சேறாத அந்தப் பகுதியில் வகுத்திகளின் எண்ணிக்கையைத் தாண்டி, வகுத்திகளின் கூட்டுத்தொகை எவ்வளவு பெரியதாக வளரமுடியும் என்று ராமானுஜன் ஆராய்ந்திருந்தார். இதே கேள்வியில் ரோபன் 1984-இல் ஒரு முடிவை நிறுவினார். 5040-க்கு மேற்பட்ட எல்லா எண்களின் வகுத்திக் கூட்டுத்தொகையும் ஒரு குறிப்பிட்ட எல்லைக்குள் அடங்குகிறது என்று காட்டிவிட்டால் ரீமான் கருதுகோள் நிறுவப்பட்டதாகிவிடும். அந்தக் கருதுகோள் உண்மையென்றால் இந்த எல்லையும் உண்மை. 1859 முதல் தீராமல் கிடக்கும், கணிதத்தின் ஆகப்பெரிய புதிர்களில் ஒன்று அது. ஆக, செலவு கட்டுப்படியாகாது என்று ஓரங்கட்டப்பட்ட தாள்கள் மையத்தைத் தொட்டுக்கொண்டிருந்த தாள்கள். செலவைக் காரணம் காட்டி விடப்படுவதற்கு எதிராக வரையறையைக் காட்டிப் பயனில்லை. 'நீங்க தகுதியானவர்தான், நிதி இல்லை' என்பார்கள். அங்கே கேட்கவேண்டியது, நிதியை எதற்குச் செலவிட்டீர்கள் என்பதை.

மூன்றாவது, வரையறையே வெளியே தள்ளுவது. கணிதத்தில் இதற்கு உதாரணம் 1 என்ற எண். 1 பகா எண்ணா? இன்று பள்ளிக்கூடப் பிள்ளை இல்லை என்று சொல்லும். ஆனால் 1914-இல், ராமானுஜன் கப்பல் ஏறிய அதே வருடம், அமெரிக்காவில் டி. என். லெஹ்மர் வெளியிட்ட பகா எண் அட்டவணை 1-இலிருந்துதான் தொடங்குகிறது. அது கவனப்பிழை அல்ல, அன்றைக்குப் பலருடைய வரையறை அப்படி. பின்னர் 1 வெளியேற்றப்பட்டது. காரணத்தை வெளிப்படையாகச் சொல்ல முடிகிறது. எந்த எண்ணையும் பகா எண்களாக ஒரே ஒரு விதத்தில்தான் உடைக்கமுடியும் என்பது அடிப்படைத் தேற்றம். 1-ஐப் பகா எண்ணாக ஏற்றால் 6 என்பதை 2 × 3 என்றும், 1 × 2 × 3 என்றும், 1 × 1 × 2 × 3 என்றும் எழுதிக்கொண்டே போகலாம், தேற்றம் குலைந்துவிடும். ஒரு வரையறை எதற்காக, யாருக்கு என்ன வசதிக்காகச் செய்யப்பட்டது என்று கேட்டால் கணிதத்தில் இப்படி ஒரு பதில் கிடைக்கும். கிடைக்கவேண்டும்.

நம் பக்கத்துக்கு வருவோம். பட்டியல் சாதி என்ற சொல்லிலேயே பட்டியல் இருக்கிறது. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாத எவரும் அந்தப் பட்டியலில் அடங்கமாட்டார் என்றது. 1956-இல் சீக்கியர்களும் 1990-இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவரான தலித்தும் இஸ்லாமியரான தலித்தும் வெளியே. மிஷன்களின் வேலை நெடுங்காலம் நடந்த இந்த வேலூர், ஆம்பூர் வட்டாரத்தில் ஒரே தெருவில், ஒரே டேனரியில், ஒரே ரசாயனத் தண்ணீரில் நின்று வேலை செய்கிற அண்ணன் பட்டியலுக்குள்ளும், ஞானஸ்நானம் பெற்ற தம்பி பட்டியலுக்கு வெளியேயும் இருக்கமுடியும். தமிழ்நாட்டில் தம்பி பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போகிறார். ஊரும் சேரியும் பிரிந்திருக்கும் கோடு ஞானஸ்நானத் தண்ணீரில் அழிவதில்லை என்பது ஊருக்கே தெரியும். இது எழுத்தரின் பிழை அல்ல. வரையறை செய்த வேலை. இங்கே போய், 'என் பெயர் விட்டுப்போச்சுங்க' என்று மனு எழுதினால் பயன் இல்லை. வரையறையோடுதான் மோதவேண்டும். இந்தப் பத்தி எந்தத் தேற்றத்தைக் காப்பாற்ற எழுதப்பட்டது என்று கேட்கவேண்டும். தீண்டாமை மதம் மாறினால் மறைந்துவிடும் என்பதா தேற்றம்? அப்படியானால் அதை நிறுவட்டும். 2007-இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் இந்தப் பத்தியை நீக்கச் சொன்னது. 2022-இல் இதே கேள்வியை ஆராய கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம் அமைக்கப்பட்டது. ஆணையங்களுக்கும் ஒரு பட்டியல் தேவைப்படும்போல.

மூன்றும் கலந்து வருகிற இடமும் நம் ஊரில் உண்டு. ஆம்பூரைச் சுற்றி வீட்டில் உட்கார்ந்து ஷூவின் மேல்பகுதியை, அப்பரை, தைத்துக் கொடுக்கிற பெண்கள். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. ஏஜெண்ட் கொண்டுவந்து போடுவார், எடுத்துக்கொண்டு போவார். தைத்த ஜோடிகளின் கணக்கு பைசா சுத்தமாக இருக்கும். தைத்தவர்களின் பெயர் எந்தக் கம்பெனிப் பதிவேட்டிலும் இருக்காது. தொழிலாளி என்பவர் தொழிற்சாலைக்குள் இருப்பவர் என்று வரையறை, வீட்டுவேலைக்கும் பி.எஃப். தந்தால் விலை கட்டுப்படியாகாது என்று செலவு. யார் யார் தைக்கிறார்கள் என்று யாருமே எழுதி வைக்காத கவனமின்மை. வீட்டிலிருந்து உற்பத்தி செய்பவர்களைத் தொழிலாளிகளாக ஏற்கும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 177-ஆம் உடன்படிக்கை 1996-இல் வந்தது. இந்தியா அதில் கையெழுத்துச் சேர்க்கவில்லை. இங்கே எந்த விடுபடலோடு மோதுகிறோம் என்று தெரியாமல் மோதினால், ஒன்றைக் கேட்டால் இன்னொன்றைக் காட்டித் தப்பித்துக்கொள்வார்கள்.

6

ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு. எண்ணுக்குப் பசி கிடையாது, பட்டியலில் விட்டால் அதற்கு ஒன்றும் ஆகாது. மனிதர்களை எண்களோடு ஒப்பிடுவதே அதிகாரத்தின் வேலைதானே? ஃபூக்கோவைப் படித்தவர்கள் இதைக் கட்டாயம் கேட்பார்கள். கேட்கவேண்டும்.

5040-க்கே திரும்பிப் போகலாம். பிளேட்டோ 'சட்டங்கள்' நூலில் தன் நகரத்துக்கு நிர்ணயித்த குடும்பங்களின் எண்ணிக்கை 5040. காரணம் நாம் பார்த்ததுதான், 1 முதல் 10 வரை எதனால் வகுத்தாலும் மீதி வராது. நிலத்தைப் பிரிக்கவும் வரி போடவும் படை திரட்டவும் வசதி. 11-ஆல் மட்டும் வகுபடாது. இரண்டு குடும்பத்தைக் குறைத்துக்கொண்டால் சரியாகிவிடும் என்று அதற்கும் வழி சொல்லியிருக்கிறார். 5038 என்பது 11 × 458. இத்தனை நுட்பமாக மீதியில்லாமல் வகுத்த அந்த நகரத்தில் அடிமைகளும் வெளியூர்க்காரர்களும் 5040-க்குள் இல்லை. கணக்கில் மீதி வராமல் இருந்ததற்குக் காரணம், மீதியை முதலிலேயே கணக்குக்கு வெளியே நிறுத்தியதுதான்.

எண்ணிக்கை அதிகாரத்தின் கருவி என்பது உண்மை. அதனால் எண்ணப்படாமல் இருப்பதே விடுதலை என்று ஆகிவிடாது. எண்ணப்படாமல் இருப்பதன் ருசி என்ன என்று அப்பர் தைக்கிற பெண்களிடம் கேட்டால் சொல்வார்கள். 293318625600-இடமிருந்து நான் எடுத்துக்கொள்வது இவ்வளவுதான். பட்டியலை யார் போட்டிருந்தாலும் அது முடிந்துவிட்டது என்று நம்பத் தேவையில்லை. இல்லாத பெயர் தவறியதா, செலவுக்குப் பயந்து விட்டதா, வரையறையால் தள்ளப்பட்டதா என்று முதலில் பிரித்துக் கேட்கவேண்டும். ராமானுஜனின் பட்டியலையே ஒருவர் உட்கார்ந்து சரிபார்த்துத் திருத்த முடிந்தது. தாசில்தார் அலுவலகப் பட்டியல் அதைவிடப் புனிதமானது அல்ல.